நிலக் கணக்கில் ஒரு கொலை



'பொன்னியின் செல்வன்' இரண்டாம் படம் வந்த 2023ஆம் ஆண்டில் நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "ஐயா, ஆதித்த கரிகாலனை உண்மையிலேயே கொன்றது யார்?" என்று கேட்டாள். படத்தில் ஒன்று பார்த்திருக்கிறாள். நாவலில் வேறொன்று படித்திருக்கிறாள். வீட்டில் தாத்தா மூன்றாவதாக ஒன்று சொல்லியிருக்கிறார். மூன்றும் ஒத்துப்போகவில்லை. நான் அவசரமாக ஏதோ சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்பது பேருந்தில் திரும்பி வரும்போதே உறுத்தியது. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

கல்கியைச் சரித்திர நாவலாசிரியர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பதின்மூன்று பதினான்கு வயதில் அந்த ஐந்து பாகங்களையும் ராத்திரி பகலாகப் படித்தபோது அவர் நமக்கு என்னவாக இருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். நான் படித்தது வார இதழிலிருந்து பிரித்துத் தைத்த பைண்டு. அத்தை வீட்டுப் பரணில் கிடந்தது. மூன்றாம் பாகத்தில் நடுவே ஏழெட்டுப் பக்கங்கள் இல்லை. முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் படித்து, இடையில் என்ன நடந்திருக்கும் என்று நானே ஊகித்தேன். பிற்பாடு முழுப் புத்தகம் கிடைத்துச் சரிபார்த்தபோது பாதி சரியாக இருந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது. சோழர் பெருமைக்காக அந்த வயதில் நான் அதைப் படிக்கவில்லை. மூடுபல்லக்கில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காகப் படித்தேன்.

அந்தப் பல்லக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பழுவேட்டரையரோடு ஒரு மூடுபல்லக்கு போகிறது. உள்ளே இளையராணி நந்தினி இருக்கிறாள் என்று ஊரே நினைக்கிறது. கதாநாயகன் வந்தியத்தேவனும் அப்படித்தான் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிப் பேசுவதை அவன் மறைந்திருந்து பார்க்கிறான். பல்லக்கின் திரை விலகுகிறது. உள்ளிருந்து இறங்குகிறவர் மதுராந்தகர். அரியணைக்குக் கொண்டுவர நினைக்கிறவரைப் பெண்கள் ஏறும் பல்லக்கில் ஊர் ஊராக அழைத்துப் போகிறார்கள். ஒரு திரைச்சீலையை விலக்கி ஒரு சதி முழுவதையும் கல்கி காட்டிவிட்டார். தேர்ந்த துப்பறியும் கதைக்காரர் செய்கிற வேலை இது. ஆழ்வார்க்கடியான் யார்? சண்டைக்கார வீரவைஷ்ணவராக வேஷம் கட்டி, முதல் மந்திரி அநிருத்தருக்காக வேவு பார்க்கும் ஒற்றர். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. ஓர் ஒற்றர் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றரை வைத்துச் சரிபார், மூவர் சொல்வது ஒத்தால் நம்பு என்று வள்ளுவர் அங்கே சொல்கிறார். அந்த அறிவை ஐந்து பாகக் கதையாக விரித்து இளம் பிள்ளைகள் கையில் கொடுத்தவர் கல்கி. அதனால் அவரை நான் இளையோருக்கான வரலாற்றுத் துப்பறியும் எழுத்தாளர் என்றே சொல்வேன். அந்தப் பெயரைத் தமிழில் யாரும் அவருக்கு வைக்கவில்லை.

ஆங்கிலத்தில் இது தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. லியான் கார்ஃபீல்டு என்பவர் 1967இல் 'ஸ்மித்' என்று ஒரு நாவல் எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன். பன்னிரண்டு வயதுப் பிக்பாக்கெட் சிறுவன் ஒரு கிழவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுக்கிறான். எடுத்த கொஞ்ச நேரத்தில் அந்தக் கிழவரைச் சிலர் கொன்றுவிடுகிறார்கள். கொலையாளிகள் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான். பையனுக்கோ எழுத்துத் தெரியாது. உயிர் பிழைக்க அவன் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். படிப்பின் அருமையைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருக்கிறோம். இந்தக் கதை அளவுக்கு யாரும் அதைப் பிள்ளைகள் மனதில் பதிய வைத்ததில்லை. பிலிப் புல்மன் 1985இல் எழுதிய 'ரூபி இன் தி ஸ்மோக்' 1872ஆம் ஆண்டு லண்டனில் பதினாறு வயதுப் பெண் தன் தந்தையின் சாவைத் துருவுவதைச் சொல்கிறது. துருவத் துருவ அபின் வியாபாரத்தில் போய் நிற்கிறது. கரோலின் லாரன்ஸ் 2001இலிருந்து ரோமாபுரிச் சிறுவர்களை வைத்து ஒரு வரிசையே எழுதினார்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு, அதற்குச் சான்று இருக்கும் உடையார்குடிக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டி உடையார்குடி. அங்கே அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. ஆக, ஏறக்குறைய 987. அது கொலை வழக்கின் தீர்ப்பு இல்லை. நிலப் பத்திரம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசாணை வருகிறது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தையும், அவர்களுடைய உறவுக்காரர்களின் நிலத்தையும் எடுத்து விற்கச் சொல்கிறது ஆணை. பெயர்கள் வருகின்றன: சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம் பெற்ற ரவிதாசன், இருமுடிசோழ பிரமாதிராஜன் என்று பட்டம் பெற்ற பரமேசுவரன். சுமார் இரண்டே முக்கால் வேலி நிலம், ஆறு மனை, விலை 112 கழஞ்சு பொன். வாங்கினவர் அதைக் கோயில் தருமத்துக்கு வைக்கிறார். நிலம் எப்படி வந்தது என்று எழுதாமல் பத்திரம் நிற்காது. அதனால் கொலையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்கு இது ஒவ்வொரு முறையும் திகைப்பைத் தருகிறது. ஒரு பேரரசின் பட்டத்து இளவரசன் கொல்லப்பட்டான் என்கிற சேதி, நில விற்பனைக் கணக்கின் நடுவே ஒரு சொற்றொடராக வந்து கிடக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இருக்கிறது. அதுவும் ஒரு கொடைப் பத்திரம்தான், ஆனால் அரச குடும்பத்தின் வரலாற்றை விரித்துப் பாடும் செப்பேடு. அதில் ஆதித்தன் வீரபாண்டியனை வென்றது வருகிறது. பிறகு அவன் சொர்க்கத்தைப் பார்க்க விரும்பிப் போய்விட்டான் என்று வருகிறது. கொலை பற்றி ஒரு சொல் கிடையாது. பிள்ளைகளே, இரண்டு சாட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலங்காரமாகப் பேசும் சாட்சி மறைக்கிறது. நிலத்துக்கு எல்லை சொல்ல வந்த சாட்சி உடைத்துச் சொல்லிவிடுகிறது.

அந்தக் கல்வெட்டும் முழுதாகச் சொல்லிவிடவில்லை. கொன்றவர்கள் பெயர் இருக்கிறது. யார் ஏவினார்கள் என்று இல்லை. ஏன் கொன்றார்கள் என்று இல்லை. கொலை நடந்தது ஏறக்குறைய 970ஐ ஒட்டி. இடையில் உத்தம சோழன் பதினைந்து ஆண்டுபோல ஆண்டிருக்கிறான். இத்தனை ஆண்டு கழித்து ராஜராஜன் வந்த பிறகு இந்த நில விவகாரம் கல்லில் ஏறுவானேன்? நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. குடவாயில் பாலசுப்ரமணியன் அந்தக் கல்வெட்டை வரி வரியாக மறுபடி வாசித்து எழுதியிருக்கிறார். ஆயிரம் ஆண்டு கழித்தும் வழக்கு முடியவில்லை.

கல்கி இந்தக் கல்வெட்டை என்ன செய்தார்? நாவலின் முதல் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு அன்று ஓர் இளைஞன் குதிரையில் வருகிறான். எங்கே வருகிறான்? வீரநாராயண ஏரிக்கரையில். எழுபத்து நான்கு கணவாய் வழியாகத் தண்ணீர் பாய்வதைப் பார்த்து மலைத்து நிற்கிறான். இன்று சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் வீராணம் அதுதான். அந்த ஏரியின் பெயர் கொண்ட ஊர்ச் சபைதான் துரோகிகளின் நிலத்தை விற்ற சபை. கொலையின் ஒரே கல் சாட்சி நிற்கிற ஊர் வழியாகத் தன் கதாநாயகனைக் கல்கி உள்ளே அழைத்து வருகிறார். அவன் நுழையும்போது கொலை இன்னும் நடக்கவே இல்லை. அவனுக்கு அது தெரியாது, முதல் முறை படிக்கிற நமக்கும் தெரியாது. இதைக் கல்கி நினைத்துத்தான் செய்தாரா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கை வரை போய் இடம் பார்த்து எழுதியவர், இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று என் மனம் ஒப்பவில்லை.

1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு வாரா வாரம் அந்தக் கதை வந்தது. கொலை நடக்கும் இடத்தில் என்ன செய்கிறார்? இருட்டு. அறைக்குள் பலர். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். கரிகாலன் விழுகிறான். பழி வந்தியத்தேவன் மேல் வருகிறது. நான்தான் கொன்றேன் என்கிறாள் மணிமேகலை. என் கை எறிந்த கத்தி என்கிறார் பெரிய பழுவேட்டரையர். குற்றத்தை ஒப்புக்கொள்ள ஆள் அதிகம். உண்மை மட்டும் இருட்டிலேயே நின்றுவிடுகிறது. தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேள்வி மேல் கேள்வி எழுப்ப, அவர் முடிவுரை எழுத வேண்டியிருந்தது. கல்வெட்டு எந்த இடத்தில் வாய் மூடிக்கொண்டதோ அந்த இடத்தில் கல்கியும் வாய் மூடிக்கொண்டார். இதைச் சிலர் நாவலின் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதில்தான் அவருடைய நேர்மை தெரிகிறது. பிள்ளைகளுக்காக ஒரு கொலையாளியை இட்டுக்கட்டுவது அவருக்கு மிக எளிது.

ஒரு தற்செயல் சொல்கிறேன். பொன்னியின் செல்வன் வந்துகொண்டிருந்த 1951இல் இங்கிலாந்தில் ஜோசஃபின் டே 'டாட்டர் ஆஃப் டைம்' என்ற நாவலை வெளியிட்டார். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் காவல் அதிகாரி ஒருவர், மூன்றாம் ரிச்சர்டு மன்னர் தன் அண்ணன் பிள்ளைகள் இருவரைக் கொன்றாரா என்று பழைய ஏடுகளை வரவழைத்து விசாரிக்கிறார். ஒருவருக்கொருவர் அறியாத இரண்டு பேர், ஒரே நேரத்தில், அரச குடும்பத்துப் பழைய கொலையைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். டே தன் நாவலில் ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுகிறார். கல்கி வரவில்லை.

விசாரணைக் கதை நமக்குப் புதிதும் இல்லை. மதுரைக்கு நம் திண்டுக்கல்லிலிருந்து அறுபது கிலோமீட்டர்போல. அங்கே ஒரு வழக்கு நடந்ததாக இளங்கோ எழுதியிருக்கிறார். சிலம்பு திருட்டுப் போகிறது. பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை மட்டும் கேட்டு, விசாரணை இல்லாமல், கோவலனை வெட்டிவிடுகிறார்கள். விசாரணையைக் கண்ணகி நடத்துகிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அரசனிடம் சொல்கிறாள். எம் சிலம்பில் முத்து என்கிறான். தன் சிலம்பை உடைக்கிறாள்; மாணிக்கம் தெறிக்கிறது. வாதம், பதில், பொருள் சான்று, மூன்றும் வரிசையாக அங்கே இருக்கின்றன. நம் பாடப்புத்தகங்கள் கண்ணகியின் கற்பைச் சொல்லித் தருகின்றன. அவள் வைத்த அந்த வாதத்தின் கூர்மையையும் சொல்லித் தரலாம்.

இவ்வளவு இருந்தும் தமிழில் சரித்திரக் கதைக்கு ஓர் அலமாரி, துப்பறியும் கதைக்கு வேறோர் அலமாரி என்று ஆகிவிட்டது. ஜே.ஆர்.ரங்கராஜு இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்தார். தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன் 'கல்கண்டு' நடத்தி, சங்கர்லாலைத் தேநீர்க் கோப்பையோடு உலகமெல்லாம் அனுப்பினார். ஒரு தலைமுறைப் பையன்களுக்கு உலக வரைபடம் அறிமுகமானதே அதில்தான். அவர் வரலாற்றுக்குள்ளும் போனார். கட்டபொம்மனைப் பற்றி எழுதினார். ஆனால் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்று தீர்ப்பைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார். சங்கர்லாலிடம் இருந்த பொறுமை அந்தப் புத்தகத்துக்கும் வாய்த்திருக்கலாம் என்பது என் வருத்தம். வாண்டுமாமா பிள்ளைகளுக்கு மர்மக் கதை எழுதினார். கௌசிகன் என்ற பெயரில் பெரியவர்களுக்குச் சரித்திரம் எழுதினார். இரண்டு கையும் அவரிடம் இருந்தன. வங்கத்தில் சரதிந்து பந்தோபாத்யாய இப்படித்தான்: 1932இல் பியோம்கேஷ் என்ற துப்பறிவாளரைத் தொடங்கியவர், விஜயநகரத்தை வைத்து 'துங்கபத்ரார் தீரே' எழுதினார், சிவாஜி காலத்துச் சிறுவன் சதாசிவைச் சிறுவர்களுக்காகவே படைத்தார்.

நம்பிக்கை தரும் சேதியும் உண்டு. கோவில்பட்டி உதயசங்கர் கீழடியை வைத்து இளையோருக்காக எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ஆதன் என்ற பெயர் கீழடிப் பானை ஓட்டில் கீறியிருந்த பெயர். ஓர் ஓட்டுச் சில்லிலிருந்து ஒரு பையன் எழுந்து வருகிறான்.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல். பேராசிரியர் கா.ராஜன் 2009, 2010இல் அங்கே அகழாய்வு செய்தார். ஒரு கல்லறையில், நான்கு கால் வைத்த ஜாடிக்குள் சுமார் இரண்டு கிலோ நெல். கூடவே தமிழ்ப் பிராமியில் 'வய்ர' என்று எழுதிய பிரிமனை. நெல்லின் காலத்தைக் கணித்தபோது பொது ஆண்டுக்கு முன் 490 என்று வந்தது. இறந்தவர் யார்? அவ்வளவு நெல்லைப் பிரியமாக வைத்து மூடியது யார்? அந்த எழுத்தைக் கீறிய கைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? பிள்ளைகளே, உங்கள் நாவலின் முதல் அத்தியாயத்துக்கு இது போதும்.

அடுத்தது விருப்பாச்சி. 1772 ஜூனில் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பி இந்தப் பக்கம் வந்தார். 1780இல் சிவகங்கையை மீட்கும் வரை எட்டாண்டு. ஹைதர் அலியின் உதவி திண்டுக்கல் வழியாகத்தான் போயிற்று. ராணியைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். அந்தச் சிறு பெண் வெள்ளச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சொந்த ஊர் இல்லாமல், யாரை நம்புவது என்று தெரியாமல், அயல் பாளையத்தில் வளர்ந்த பெண். சமையலறைக்கு வரும் புதுமுகம் ஒவ்வொன்றையும் அவள் எப்படிப் பார்த்திருப்பாள்?

எழுத நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவள் அறைக் கதவில் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டுவிடாதீர்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பூட்டுத் தொழில் நூற்றைம்பது ஆண்டைச் சற்றுக் கடந்தது. வெள்ளச்சி காலத்தில் இங்கே அது இல்லை. மலைமேல் கோட்டை இருக்கும். 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியது. இங்குள்ள பேகம்பூர் என்ற பெயரை எழுதும் முன் அது எப்போது வந்தது என்று பாருங்கள். ஒரு பொருள் தவறான ஆண்டில் வந்து உட்கார்ந்தால், வரலாற்றுத் துப்பறியும் கதையில் அதுவே பொய்ச்சாட்சி ஆகிவிடும்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. விருப்பாச்சி கோபால நாயக்கர் தலைமையில் திண்டுக்கல் பாளையங்கள் கூட்டுச் சேர்ந்தன. 1800 ஜூன் 3 அன்று கும்பினியின் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது என்று திட்டம். குறித்த நாளுக்கு முன்பே திட்டம் வெளிப்பட்டுவிட்டது. பலரைத் தூக்கில் போட்டார்கள். அடுத்த ஆண்டு கோபால நாயக்கரும் தூக்கிலேறினார். அந்த நாளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அன்றைக்கு முகரம் பத்தாம் நாள். ஊரெல்லாம் ஊர்வலம் போகிற நாளில் ஆள் நடமாட்டத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். பத்தாம் பிறை என்றால் வானத்தில் நிலா முக்காலுக்கு மேல் இருக்கும், நள்ளிரவு தாண்டித்தான் மறையும். இதைக் கணக்குப் போட யாருடைய நாட்குறிப்பும் வேண்டாம், ஒரு பஞ்சாங்கம் போதும். ஆனால் சேதி எந்தக் கை வழியாகக் கசிந்தது என்பதற்குப் பஞ்சாங்கம் உதவாது. கே.ராஜய்யன் 1971இல் எழுதிய 'தென்னிந்தியக் கிளர்ச்சி' நூலிலிருந்து தொடங்கி, ஓலைகளையும் கும்பினியின் கடிதங்களையும் தேடிப் போக வேண்டும்.

அதை நான் எழுதப் போவதில்லை. எனக்கு வயதாகிவிட்டது, உங்களில் ஒருவர் எழுத வேண்டும். தொடக்கத்தை மட்டும் நான் நினைத்து வைத்திருக்கிறேன். 1800ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. பரப்பலாற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. விருப்பாச்சியிலிருந்து தாராபுரம் போகும் வண்டித் தடத்தில் ஒரு பையன் தனியாக நடக்கிறான். பதினான்கு வயது இருக்கும். முண்டாசுக்குள் ஓர் ஓலைச்சுருள். கொடுத்தவர் அவன் தலையில் கை வைத்து, பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவனுக்கு எழுத்துத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து முண்டாசை அவிழ்க்கிறான். ஓலையைச் சுற்றிக் கட்டிய நூல், காலையில் அவன் பார்த்த முடிச்சாக இல்லை.